ஓவியம், வாசகர் கேள்வி பதில்: கோமாளி முகமும் கியூபிசக் கோடும்

கோமாளிகளை வரைவது பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருப்பதால், தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் அக்ரிலிக் வண்ணத்தில் வரைவேன். வெளியே சிரித்து உள்ளே அழும் கோமாளியைக் கியூபிச பாணியில் கொண்டுவர முயல்கிறேன். கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி வைத்தால் பார்ப்பவர்களுக்குச் சோகம் புரிந்துவிடுகிறது. ஆனால் எனக்கே அது மலிவாகத் தோன்றுகிறது. துளியை அழித்துவிட்டால், உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்ததுபோல் இருக்கிறது என்கிறார் என் கணவர். மறைந்திருக்கும் உணர்ச்சியை எப்படித்தான் காட்டுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: துளியை அழித்தது சரி. அழித்த பிறகு படத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் நெற்றி, கன்னம், தொப்பி, பின்னணி எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவுள்ள முக்கோணங்களாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அத்தனை முக்கோணங்களுக்கு அடியிலும் இருப்பது, நேருக்கு நேர் நின்று பார்த்த ஒரே முகம். உங்கள் கணவரின் கண்ணில் பட்டது அதுதான். ஒரே இடத்திலிருந்து பார்த்த முகத்தின்மேல் கோடு கிழித்தால் கியூபிசம் ஆகிவிடாது. கியூபிசத்தைத் தொடங்கிவைத்த பாரிஸ் ஓவியர்களான பிக்காசோவும் பிராக்கும் 1908 முதல் 1912 வரையான ஆண்டுகளில் ஒரு வயலினையோ மனிதரையோ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பார்த்து, அந்தப் பார்வைகளை ஒரே பரப்பில் ஒன்றோடொன்று இணங்கியும் பிணங்கியும் நிற்க வைத்தார்கள். எனவே கோடு போடுவதற்கு முன்னால் உங்களுக்குப் பார்வைகள் பல வேண்டும்.

அதற்கு உங்கள் ஊர்ப்பக்கத்தில் பஞ்சமில்லை. கோயில் திருவிழாவில் எங்கேனும் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், ஒரு கோட்டுப்படப் புத்தகத்தோடு சென்று வாருங்கள். வள்ளியும் வேலனும் வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் மேடையேறி, பாடி ஆடி, பக்கவாத்தியக்காரர்களை வம்புக்கிழுத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவார். முதலில் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் அமர்ந்து அவருடைய முன்முகத்தை வரையுங்கள். அடுத்து, ஆர்மோனியம் இருக்கும் பக்கமாகப் போய் நின்று பக்கவாட்டு முகத்தை வரையுங்கள். கூட்டத்துக்குக் காட்டும் முகத்தை அவர் ஆர்மோனியக்காரருக்குக் காட்டுவதில்லை என்பது அங்கே நின்றால் தெரியும். மூன்றாவதாக, அவருடைய அனுமதியைக் கேட்டுக்கொண்டு, ஒப்பனை நடக்கும் இடத்தில் கண்ணாடிக்குள் தெரியும் முகத்தை வரையுங்கள்.

அந்த மூன்றாம் இடத்தில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முத்துவெள்ளையைக் குழைத்து நெற்றியிலிருந்து தாடைவரை இழுத்துப் பூசியிருப்பார்கள். காதுக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் வெள்ளை நின்று, அவருடைய சொந்த நிறம் தொடங்கும். வியர்க்கும்போது அந்த விளிம்பு திட்டுத்திட்டாகக் கரையத் தொடங்கும். சிவப்புச் சாயத்தில் வரைந்த வாய் அசல் உதட்டைவிட அகலமாகக் கன்னத்தின்மேல் ஏறியிருக்கும். பேச்சு இல்லாத வேளையில், அந்தப் பெரிய சிவப்புச் சிரிப்புக்கு நடுவே அசல் உதடு மூடி, ஒரு நேர்கோடாகக் கிடக்கும். நீங்கள் தேடும் உணர்ச்சி அங்கே இருக்கிறது. அதற்குக் கண்ணீர்த்துளி தேவையே இல்லை.

இனி, மூன்று கோட்டுப்படங்களையும் தனித்தனி டிரேசிங் தாள்களில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய் கூட்டத்திலிருந்து பார்த்ததாக இருக்கட்டும். ஒரு கண் கண்ணாடியில் தெரிந்ததாகவும், கழுத்தும் தோளும் பக்கவாட்டிலிருந்து பார்த்தவையாகவும் இருக்கட்டும். எந்தப் பகுதியை எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதை முடிவு செய்வதே இவ்வகை ஓவியத்தில் உணர்ச்சியை முடிவு செய்வதாகும். சிரிக்கும் வாய்க்கு மேலே வேறொரு நேரத்துக்குரிய கண் வந்து அமரும்போது, பார்ப்பவர் இரண்டையும் ஒரு முகமாகச் சேர்க்க முயன்று தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவர் பிறகு சோகம் என்றோ களைப்பு என்றோ சொல்லுவார்.

பெரிய தளங்கள், அதாவது படத்தைப் பிரிக்கும் தட்டைப் பரப்புகள், ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். அவை அளவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கட்டும். எல்லா விளிம்பையும் கத்தியால் வெட்டியதுபோல் முடிக்கவும் கூடாது. கியூபிஸ்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியரான செசான் தம் நிலக்காட்சிகளில் ஒரு தளத்தின் ஓரத்தைத் திறந்து விட்டு அடுத்த தளத்துக்குள் கரையவிடுவார். கியூபிஸ்டுகள் அவரிடமிருந்து பெற்ற பாடங்களுள் இது முக்கியமானது. வெள்ளை முகத்தின் ஒரு பக்கத்தைப் பின்னணிக்குள் கரையவிட்டு, கழுத்தில் வெள்ளை முடியும் விளிம்பை மட்டும் கூர்மையாக வையுங்கள். பார்வை தானாகவே அங்கே போய் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே அழுகைதான் இருக்கிறது என்று வரையத் தொடங்கும் முன்பே ஏன் முடிவு கட்டினீர்கள்? பேசிய தொகை கைக்கு வருமா என்ற கவலை, அதே நகைச்சுவையை ஊர் ஊராகச் சொல்லிச் சலித்த அலுப்பு, சரியாகத் தட்டாத தாளக்காரர்மீது கோபம், இவற்றில் எது வேண்டுமானாலும் அந்த நேர்கோட்டு உதட்டுக்குள் இருக்கலாம். அழும் கோமாளி என்பது மேல்நாட்டில் நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கித் தேய்ந்துபோன உருவம். நீங்கள் பார்த்த மனிதரிடம் என்ன இருந்ததோ அதை வரையுங்கள்.

கேள்வி: பிக்காசோ ஏன் திரும்பத் திரும்பக் கோமாளிகளை வரைந்தார்? உணர்ச்சியைச் சொல்வதற்காகவே கியூபிசம் தோன்றியது என்று ஒருவர் பேசக் கேட்டேன். அது உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்மையில்லை. கியூபிசத்தின் தொடக்க ஆண்டுகளில் ஓவியர்களின் கவலையெல்லாம் உருவத்தையும் இடத்தையும் பற்றியது. மேசை, புட்டி, கிதார், அமர்ந்திருக்கும் நண்பர் ஆகியவையே பெரும்பாலும் அவர்களுடைய பொருள்கள். நிறத்தைக்கூடப் பழுப்புக்கும் சாம்பலுக்கும் குறைத்துக்கொண்டார்கள். உணர்ச்சியைச் சுமக்கும் வேலை அந்த ஓவிய மொழிக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. 1937இல் பிக்காசோ வரைந்த 'அழும் பெண்' அதன் உச்சம். ஆனால் அங்கே உணர்ச்சி மறைந்திருக்கவில்லை, கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கதறுகிறது.

கோமாளிகள் பிக்காசோவிடம் கியூபிசத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பாரிசில் மோன்மார்த்ரே பகுதியில் அவர் குடியிருந்த இடத்துக்கு அருகே மெத்ரானோ சர்க்கஸ் நடந்தது. அங்கே அடிக்கடி போவார். 1905இல் வரைந்து, இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் 'கழைக்கூத்தாடிக் குடும்பம்' என்னும் பெரிய படத்தில் ஆறு பேர் வெட்டவெளியில் கூடியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முகங்களில் அழுகை கிடையாது. கூட இருந்தும் தனித்து நிற்கும் அந்த நிலையே போதுமானதாக இருக்கிறது.

கியூபிசத்துக்குள் வந்த கோமாளிகளில் 1915ஆம் ஆண்டின் 'ஹார்லெக்வின்' படத்தை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். அது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹார்லெக்வின் என்பவன் இத்தாலிய நாடக மரபில் வரும் சாய்சதுரக் கட்டம் போட்ட சட்டைக்காரன். அந்தக் கட்டச் சட்டை ஏற்கெனவே தளங்களாகப் பிரிந்து கிடப்பதால், கியூபிஸ்டுகளுக்கு அவன் வலிய வந்து வாய்த்தான் என்றே சொல்லலாம். படத்தில் கறுப்புப் பின்னணியின்மேல் சாய்ந்து நிற்கும் தட்டையான செவ்வகங்கள்தாம் உடம்பு. மேலே குமிழ்போல ஒரு சிறு தலை. அதில் பல் தெரியும் ஒரு சிரிப்பு. பிக்காசோவின் துணைவியான எவா நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் வரைந்த படம் இது. 1915 டிசம்பரில் எவா இறந்துபோனார். இந்தச் செய்தி தெரியாமல் பார்த்தாலும் அந்தச் சிரிப்பு சரியாக இல்லை என்பது தெரியும். மற்ற எல்லாம் பெரிதாகவும் தட்டையாகவும் அசையாமலும் நிற்க, சிரிப்பு மட்டும் அத்தனை சிறிதாக இருப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1921இல் வரைந்த 'மூன்று இசைக்கலைஞர்கள்' இன்னும் புகழ்பெற்றது. வெள்ளுடைக் கோமாளியான பியரோ, கட்டச் சட்டை ஹார்லெக்வின், ஒரு துறவி என மூவர் ஒரு பழுப்பு அறையில் அடைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பியரோ 1918இல் மறைந்த கவிஞர் அப்பொலினேர், துறவி இன்னொரு கவிஞ நண்பரான மாக்ஸ் ஜாக்கோப், ஹார்லெக்வின் பிக்காசோவே என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. வண்ணம் பளிச்சென்று இருக்கிறது, காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் உடம்புகள் ஒன்றில் ஒன்று செருகிக் கிடக்கின்றன. ஆனால் கைகளைப் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்புகளுக்கு விரல்கடை அளவில் சின்னஞ்சிறு கைகள். முகத்தை விட்டுவிட்டு உடம்பின் அளவில் உணர்ச்சியை ஒளித்து வைக்கலாம் என்பதை அந்தக் கைகளிடமிருந்து கற்கலாம்.

பிக்காசோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஸ்பெயின் நாட்டுக் கியூபிஸ்டான ஹுவான் கிரிஸ் 1910களின் இறுதியில் வரைந்த ஹார்லெக்வின்களும் பியரோக்களும் அளந்து வைத்த அமைதி உடையவை. ஜார்ஜ் ருவோவும் கோமாளிகளுக்காகப் பெயர் பெற்றவர். அவர் கியூபிஸ்டு அல்லர். இளமையில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கற்றவர். அவருடைய தடித்த கறுப்புக் கோடுகளில் அந்தப் பட்டறையின் சாயல் தெரியும். இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால், உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது விளங்கிவிடும்.

கேள்வி: கோமாளி என்றாலே எல்லாரும் சிவப்புப் பந்து மூக்கும் சுருட்டை முடியும் வைத்துத்தான் வரைகிறார்கள். நம் மண்ணில் கோமாளியே இல்லையா? நம் கோமாளியைக் கியூபிசத்தில் வரைந்தால் ஒட்டாமல் போய்விடுமா?
– வாசகர், திருவையாறு

பதில்: உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத மேலட்டூருக்கு நரசிம்ம ஜயந்தி சமயத்தில் போயிருக்கிறீர்களா? அங்கே பாகவத மேளா நாடகம் தொடங்கும்போது முதலில் வருகிறவன் கோணங்கி. கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டு கோணலாக ஆடி, இரைச்சலில் இருக்கும் கூட்டத்தை மேடைப்பக்கம் திருப்பிவிட்டுப் போய்விடுவான். அவனுக்குப் பிறகு பிள்ளையார் முகமூடி அணிந்த சிறுவன் வருவான். அதற்கப்புறம்தான் பிரகலாதன் கதை. நாடகம் முழுவதிலும் கோணங்கிக்கு உரியது அந்தச் சிறிது நேரந்தான். கதைக்குள் இடமில்லாமல் கதையின் வாசலில் ஆடிவிட்டுப் போகும் ஒருவன் என்பதே ஓவியனுக்கு எவ்வளவு பெரிய பிடி! குறவஞ்சிகளில் தலைவனின் வருகையை அறிவித்து வரும் கட்டியங்காரனையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையும் உங்களுக்கு உதவும். இடுப்பைச் சுற்றிக் குதிரைக்கூடு, கீழே தொங்கும் துணி, துணிக்குள் மரக்காலில் நிற்கும் உண்மையான கால்கள். மேலே மன்னனாகச் சிரிக்கும் முகமும், கீழே கட்டையில் கட்டி வலிக்கும் காலும் ஒரே ஆளுடையவை. துணியை ஒரு தளமாக வைத்து அதன் ஒரு பகுதியை மட்டும் திறந்து காலைக் காட்டினால், ஒளிந்திருப்பதைக் காட்ட வேறு உத்தி வேண்டியதில்லை. கோமாளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால், இதுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளே.

ஒட்டாமல் போகும் என்ற அச்சம் வேண்டாம். வங்க ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் 1920களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் கியூபிசத்தைத் தம் விருப்பப்படி வளைத்து வரைந்திருக்கிறார். சமூகத்தை எள்ளி நகையாடும் கேலிச்சித்திரங்களை வரைந்த அதே கை அது. நம் சிற்பிகளுக்கும் ஒரு பரப்பில் இரண்டு பார்வையை வைக்கத் தெரிந்திருந்தது. தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிறிய சிற்பம் உண்டு. ஒரு காளையின் உடம்பும் ஒரு யானையின் உடம்பும் எதிரெதிராக நின்று ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்றின் உடம்பைக் கையால் மறைத்தால் மற்றொன்று முழுமையாகத் தெரியும். இதைக் காட்டி, கியூபிசத்தைச் சோழர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுவது அபத்தம். சிற்பியின் நோக்கம் வேறு, பாரிஸ் ஓவியர்களின் நோக்கம் வேறு. ஆனால் ஒரு வடிவம் இரண்டு உடம்புக்கு உழைக்க முடியும் என்பதற்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது. பபூனின் வரைந்த சிரிப்பின் மேற்கோடே இன்னொரு முகத்தின் இமையாகவும் இருக்க முடியுமா என்று அதன் முன் நின்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கோமாளி உடையின் பளிச்சென்ற வண்ணங்களைக் கியூபிசத்தின் பழுப்போடு எப்படிச் சேர்ப்பது? மேலும், கடலோரத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: படம் முழுவதையும் எரி பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்த சாம்பல்களில் முதலில் முடித்துவிடுங்கள், அவ்விரண்டையும் அடர்த்தியாகக் கலந்தால் கறுப்புக்கு நெருங்கி வரும், ஆகையால் கறுப்பு டியூபைத் தொட வேண்டியதில்லை. காவியையும் வெள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு, ஒரே ஒரு பளிச்சென்ற நிறத்தை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள். அது வாயில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டையின் ஒரு பொத்தானில் இருந்தால் சிரிப்பு இன்னும் வெளிறித் தெரியும். முக வெள்ளையை டியூபிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். டியூப்லைட்டின் அடியில் அந்த வெள்ளையில் பச்சை ஏறும், குண்டு பல்பின் அடியில் மஞ்சள் ஏறும்; இரண்டு தளங்களில் இரண்டு ஒளியையும் வைக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் எண்ணெய் வண்ணத்தோடு போராட வேண்டாம். அந்த மாதங்களில் அக்ரிலிக்கில் அடித்தளத்தைப் போட்டு வைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் தை பிறந்ததும் அதன்மேல் எண்ணெய் வண்ணத்தைத் தொடருங்கள். எண்ணெயின்மேல் அக்ரிலிக் மட்டும் கூடாது, உரிந்துவிடும். ஈரக்காற்றில் கேன்வாஸ் தொய்ந்தால் சட்டத்தின் பின்மூலைகளில் உள்ள ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்குங்கள். சித்திரையில் கதை தலைகீழாகும்: அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், ஆகையால் தட்டில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் வண்ணத்தை வையுங்கள். அக்ரிலிக் காயும்போது சற்று கருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒட்டு நாடா வைத்துக் கூரான விளிம்பு எடுப்பதானால், நாடாவின் ஓரத்தில் முதலில் அடி நிறத்தையே ஒரு முறை பூசி அடைத்துவிட்டு, பிறகு புதிய நிறத்தைப் பூசினால் கசியாது.

கேள்வி: என் புகைப்படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்று நொடியில் கியூபிசமாக மாற்றித் தருகிறது. அதைப் பார்த்து வரையலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: வரையலாம், கை பழகும். ஆனால் புகைப்படம் ஒரே இடத்திலிருந்து எடுத்தது. கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன முதல் பத்தி உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: பத்து வயது மகள் கோமாளி படமாகவே வரைகிறாள். பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்களையும் வைக்கிறாள். வாய் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் போகிறது. அவள் மனத்தில் ஏதேனும் மறைந்த வருத்தம் இருக்குமோ என்று என் மனைவி கவலைப்படுகிறார்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண் வைப்பது சிறுவர் ஓவியங்களில் மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமல்லாமல், தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரைவார்கள். முகத்துக்கு இரண்டு கண் என்பது தெரிந்த விஷயம், ஆகவே இரண்டையும் வைத்துவிடுவார்கள். ஓவியம் மருத்துவப் பரிசோதனைச் சீட்டு அல்ல. கோணல் வாயைக் கொண்டு குழந்தையின் மனத்தை அளக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம், பள்ளி, தோழிகள் இவற்றில் மாறுதல் ஏதேனும் இருந்தால் அதைக் கவனியுங்கள். அதற்குரிய ஆலோசனையைப் பெறுங்கள். இல்லையென்றால் பெரிய தாளாக வாங்கிக் கொடுங்கள். 'இந்தக் கோமாளி ஏன் அழுகிறான்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த படத்திலிருந்து உங்களுக்காகக் கண்ணீர் வரையத் தொடங்கிவிடுவாள். 'இவன் எங்கே போகிறான்?' என்று கேளுங்கள், கதை வரும்.

கேள்வி: கியூபிச பாணியில் ஒரு பபூனை வரைந்து முடித்துவிட்டேன். உள்ளூர்க் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். 'சிரிப்புக்குள் ஒரு கண்ணீர்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பொருத்தமாக இருக்கிறதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: பொருத்தமாக இருப்பதுதான் குறை. இந்தத் தலைப்பைப் படித்தவர் படத்தில் கண்ணீரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். கழுத்தருகே நீங்கள் சிரமப்பட்டுத் திறந்து வைத்திருக்கும் அந்தப் பழுப்புத் தளத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். 'பபூன், ஒப்பனை அறை' என்று வையுங்கள். அதையும் ஆண்டையும் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, வார்னிஷ் முழுவதும் காய்ந்த பிறகு அனுப்புங்கள்.